போர்வெல் தண்ணியும் ஸ்போர்ட்ஸ் காரும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் நான் பார்க்கிற சேதம் பெரும்பாலும் வாசலில் வைத்துக் கழுவும்போது பட்டதுதான். ரோட்டில் பட்டது கொஞ்சம். வண்டிக்காரர் ஆசையாகத்தான் கழுவியிருப்பார். தண்ணி, துணி, நேரம் மூன்றில் ஏதோ ஒன்று தப்பியிருக்கும். கறை கண்ணில் பட்டதும் அடுத்த தப்பு ஆரம்பிக்கும்: "ஒரு பாலிஷ் போட்டு உடுங்ணா, போயிரும்."

போகும். ஆனால் பாலிஷ் என்பது சீவுகிற வேலை. கம்பெனி பெயின்ட்டின் மொத்த கனமே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். பிரிண்டரில் போடுகிற வெள்ளைத்தாள் ஒன்றின் கனம் சுமார் 100 மைக்ரான் என்றால் அளவு புரியும். அதிலும் மேலே இருக்கிற கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொண்டு நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய படலம். ஒவ்வொரு தடவை காம்பவுண்டு என்கிற சீவும் பாலிஷ் பசையை ஓட்டும்போதும் அதில் கொஞ்சம் குறையும், திரும்ப வளராது. அதனால் எந்த அறிகுறியானாலும் நான் போகிற வரிசை ஒன்றே. முதலில் அது என்ன என்று கண்டுபிடிப்பது. பிறகு இருப்பதிலேயே மெதுவான மருந்தை ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார்ப்பது. அது கேட்காவிட்டால் மட்டும் அடுத்த படி.

காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய் வட்டம்

நம்ம பக்கத்தில் முதல் வியாதி இது. சிறுவாணித் தண்ணியில் உப்பு குறைவு, அதில் கழுவினால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. ஆனால் குடிக்கிற தண்ணியை எடுத்து வண்டியில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? பல்லடம், காங்கேயம், அவினாசிப் பக்கமெல்லாம் ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணிதான் வண்டிக்குப் போகிறது. பாறைக்குள் கிடந்த அந்தத் தண்ணி கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. துளி காயும்போது தண்ணி பறந்துவிடும், உப்பு வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வீட்டு ஹீட்டர் காயிலில் ஓடு கட்டுகிறதே, அதே சரக்கு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாது என்று டிரம்மில் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறார்கள். தண்ணி அருமை தெரிந்த ஊரில் அந்த எண்ணம் மதிக்க வேண்டியது. ஆனால் ஆர்.ஓ. பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் அந்த டிரம்மில்தான் இருக்கிறது. போர்த் தண்ணியைவிட அது கெட்டது. வாசல் கழுவவோ கக்கூஸுக்கோ விடுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

வட்டம் வந்துவிட்டால் வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய், பானெட் சில்லென்று ஆகும்வரை விடுங்கள். ஒருக்கா ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வட்டம் மேலே மேடாக நிற்கிறதா, கீழே பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேடு என்றால் வெறும் உப்பு. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி ஒரு பங்கு கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து அந்த இடத்தின் மேல் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம் போர்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம், அமிலம் உப்பைக் கரைக்கட்டும். பிறகு நிறையத் தண்ணி, மறுபடி ஷாம்பு. பெயின்ட் அடிக்காத அலுமினியப் பாகத்தின் மேல் வினிகர் படக் கூடாது. வினிகர் போட்ட இடத்தில் பழைய மெழுகு இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும், திரும்பப் பூச வேண்டும்.

வினிகர் போட்ட பிறகும் மோதிரம் மாதிரி ஒரு விளிம்பு நின்றால், வெயிலில் சூடேறி உப்பு கிளியர் கோட்டைத் தின்றிருக்கிறது. அது பாலிஷ் வேலை. சித்திரை வெயிலில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்ட கறுப்பு வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். பானெட்டில் உள்ளங்கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்குக் கழுவுகிற யோசனையை விட்டுவிடுங்கள். வெடியால ஆறு மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு.

"செராமிக் கோட்டிங் போட்டிருக்கேனே, எனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெயின்ட் மேல் பூசுகிற காப்புப் படலம்தான் அந்தக் கோட்டிங். அதன் மேல் தண்ணி பரவாமல் முத்து முத்தாக நிற்கும். நின்ற முத்து காய்ந்தால் உப்பு அத்தனையும் ஒரே புள்ளியில் குவியும். கோட்டிங் அழுக்கை விலக்கும், கழுவுவதைச் சுலபமாக்கும். உப்புத் தண்ணியில் காயவிடுவதற்கு அது லைசென்ஸ் தராது.

தடுக்க, கழுவுவது போர்த் தண்ணியிலேயே இருக்கட்டும். கடைசி அலசல் மட்டும் இருபது லிட்டர் நல்ல தண்ணியில். ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு மேலிருந்து மெதுவாக வழியவிட்டால் தண்ணி தாள் மாதிரி இறங்கும், துளி நிற்காது. மழைத் தண்ணி பிடித்து வைத்திருந்தால் இன்னும் உத்தமம். வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால் பாதி நிம்மதிதான்: அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் குறையாது, புள்ளியும் வரும், ஆனால் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். புள்ளியே கூடாது என்றால் உப்பு அத்தனையும் எடுத்துவிடும் டி.ஐ. ரெசின் குடுவை மாட்டித்தான் அலச வேண்டும்.

கண்ணாடியில் வந்த வட்டத்துக்கும் முதலில் வினிகர்தான். அதற்கும் போகாதது சீரியம் ஆக்சைடு பாலிஷுக்குப் போகும். வைப்பர் கரகரவென்று அடிப்பதும் பல நேரம் இந்த உப்புதான்; பிளேடு மாற்றும் முன் கண்ணாடியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை

தாராபுரம் ரோட்டில் தோட்டம் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் கறுப்பு போர்ஷே 911 கொண்டுவந்தார். நிழலில் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயிலுக்கு எடுத்ததும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரம் மயிர்க்கோடு.

"டெய்லி தொடைக்கறேன் தம்பி. ஒரு நாள் உட்டதில்ல."

"எதுலீங்ணா தொடைக்கறீங்க?"

"பனியன் துணிதான். திருப்பூர்ல இருந்து மூட்டையா வருது. மெத்துனு இருக்கும், தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. அதில் ஓவர்லாக் தையலும் இருந்தது, ஒரு துண்டில் லேபிளும் இருந்தது. ஆனால் பெரிய குற்றவாளி தையல்கூட இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காத்து தோட்டத்துச் செம்மண்ணை வண்டி மேல் கொட்டுகிறது. அதில் இருக்கிற மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினம். வழவழப்பான பனியன் துணிக்கு ஆழம் கிடையாது. துகள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்கிறது. மைக்ரோஃபைபரின் நீள இழைக்குள் துகள் புதைந்துகொள்ளும், அதுவும் நனைந்திருந்தால்தான். உலர்ந்த தூசியை எந்தத் துணியாலும் துடைக்கக் கூடாது. அவர் தினமும் துடைத்த பாசம்தான் தினமும் ஒரு கோடு போட்டது. இதை அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லாமல் பாலிஷ் போட்டு அனுப்பினால் ஆறு மாதத்தில் அதே கோட்டோடு திரும்ப வருவார், கிளியர் கோட் அப்போது இன்னும் மெலிந்திருக்கும்.

கை வைக்கும் முன் தண்ணி போக வேண்டும். ஃபோம் அடித்து நாலைந்து நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷர் தண்ணியில் இறக்கினால் மண்ணில் பெரும்பகுதி தொடாமலேயே போய்விடும். அதன் பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணி, வெறும் தண்ணி வாளியின் அடியில் சல்லடைத் தட்டு. ஒரு பேனல் முடித்ததும் கழுவுகிற கையுறையை வெறும் தண்ணியில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் நனைக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே, நேர்க்கோட்டில். கதவின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி. வீலுக்குத் தனி வாளி, தனித் துணி; அந்தத் துணி தவறிக்கூட பானெட்டுக்கு வரக் கூடாது. ஷாம்பு பி.எச். 7ஐ ஒட்டியதாக இருக்கட்டும். துடைக்கும்போது அழுத்தாதீர்கள்; பெரிய டவலை விரித்து மெதுவாக இழுத்தால் போதும். கண்ணாடி இடுக்கு, லைட் ஓரம், கதவுப்பிடி இவற்றில் தங்கும் தண்ணியை ஊதுகுழல் மெஷினால் ஊதிவிடுங்கள்.

கோடுகளைப் போக்கத்தான் பாலிஷ். நகத்தை மெதுவாகக் கோட்டின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது பாலிஷில் முழுசாகப் போகாது. போக்க முயலவும் கூடாது. தட்டாவிட்டால் முதலில் பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கனமானி. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் எச்சரிக்கை வேண்டும்: பம்பர் பிளாஸ்டிக், சில மாடல்களில் கூரை கார்பன் ஃபைபர், பானெட் அலுமினியம். இரும்புக்கு மட்டும் வேலை செய்கிற மலிவான கனமானி அலுமினியத்தில் எண் காட்டாது. பிளாஸ்டிக்கிலும் கார்பனிலும் சாதாரணக் கருவி எதுவுமே காட்டாது. அங்கெல்லாம் கை அடங்க வேண்டும். மடிப்பு ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிசு, டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டு சுழன்றுகொண்டே ஆடுகிற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பாருங்கள். எண்பது சதவீதம் மறைந்தால் முழு வண்டிக்கும் அதுவே போதும். மீதி இருபதைத் துரத்திக்கொண்டு போய்த்தான் பலர் கிளியர் கோட்டை இழக்கிறார்கள்.

வெளியே பாலிஷ் போட்டு வாங்கினால், டெலிவரி எடுக்கும் முன் ஒரு பேனலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணியால் துடைக்கச் சொல்லுங்கள். கீறல் கோட்டை எண்ணெய்ப் பசையால் அடைத்து மறைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

கழுவி முடித்தும் கை வைத்தால் சொரசொர

மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு ஈரமான பானெட்டில் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியே துல்லியமாகத் தெரியும். வெள்ளை வண்டியாக இருந்தால் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளியும் இருக்கும்.

இது நம்ம ஊரின் தொழில் போட்ட கையெழுத்து. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று ஃபவுண்டரியும் லேத்தும் கிரைண்டிங்கும் ஓடாத பக்கம் குறைவு. பறக்கிற இரும்புத்தூள் பெயின்ட்டில் உட்கார்ந்து, ஈரம் பட்டதும் துருவாகிப் பற்றிக்கொள்ளும். ஷாம்புவுக்கு அது அசையாது. இரும்புத்தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடியுங்கள். அதில் இருக்கிற தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். நாத்தம் பலமாக இருக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாமல், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஊதா வராமலும் சொரசொரப்பு இருந்தால் அது இரும்பு இல்லை. பிசினோ, தாரோ, பெயின்ட் தெறிப்போ.

மிச்சத்துக்கு கிளே, ஒட்டியிருக்கிற துகளைப் பிடுங்கி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. பிசைந்து தட்டையாக்கி, வழவழப்புத் திரவம் நிறைய அடித்து, எடையே கொடுக்காமல் ஓட்ட வேண்டும். கீழே விழுந்த கிளேயை அலசி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள்.

பூஜை போட்ட மறுநாள் மஞ்சள், சிவப்புக் கறை

புது வண்டியை ஈச்சனாரிக்கோ மருதமலைக்கோ கொண்டுபோகாமல் யாரும் ஓட்ட ஆரம்பிப்பதில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்காமல் இருப்பதும் இல்லை. இருக்கவும் வேண்டாம். கறை வருவது பொட்டு வைப்பதால் குறைவு, காய்ந்ததைச் சுரண்டுவதால் அதிகம். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தால் அதன் அடியில் கோடு விழுகிறது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவிட்டுத் தண்ணியில் இறக்குங்கள்.

மஞ்சள் கறை நின்றுவிட்டால் பதற வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். சில நாள் வெயில் பட்டாலே வெளிறிவிடும். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயம் கலந்த குங்குமம் அப்படிப் போகாது, அதிலும் பெயின்ட்டைக் காக்கிற பி.பி.எஃப். என்ற ஃபிலிம் ஒட்டிய வண்டியில் சாயம் ஃபிலிமின் மேல்தோலில் இறங்கிவிடும். அதனால் பொட்டை முன்கண்ணாடியில் வைக்கச் சொல்லி அர்ச்சகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை. மாலையில் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சுற்றிப்போட்ட பூசணிக்காயின் குங்குமத் தண்ணி வீல் வளைவுக்குள் தெறித்திருந்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள்.

மரத்தடி, மயில்

மாமரத்தடியில் நிறுத்தினால் படிகிற பிசுபிசுப்பு மரத்தினுடையதே இல்லை. தத்துப்பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவம். வெதுவெதுப்பான தண்ணிக்கே கரையும், விட்டுவைத்தால் கரும்பூசணம் பிடிக்கும். பறவை எச்சமும் வௌவால் எச்சமும் மணிக்கணக்கில் வேலையைக் காட்டும். டிக்கியில் ஒரு தண்ணி பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும். ஊறவைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். மழைக்கால ராத்திரி சேலம் ரோட்டில் ஈசல் கூட்டத்துக்குள் போய்வந்தால் முன் பம்பருக்கும் இதே மருந்து.

மயில் வேறு கதை. நம்ம தோட்டங்களில் இப்போது மயில் இல்லாத இடம் இல்லை. பளபளப்பான கதவில் தெரியும் தன் உருவத்தை எதிரி மயில் என்று நினைத்துக் கொத்தும். கதவில், இடுப்பளவுக்குக் கீழே, ஒரே இடத்தில் குட்டிக் குட்டியாகக் கொத்து விழுந்திருந்தால் கல் அடித்தது என்று நினைக்க வேண்டாம். நகம் தட்டும் ஆழம் அது. டச்-அப் பெயின்ட்தான் வழி. உருவம் தெரியாதபடி பக்கவாட்டில் துணி தொங்கவிட்டாலே வராது. கழுவாத வண்டியின் மேல் மட்டும் கவர் போடாதீர்கள். ஆடிக்காத்தில் கவர் அசைய அசைய, அடியில் இருக்கிற மண் முழு வண்டியையும் அரைத்துவிடும்.

கழுவிய பின் பிரேக் கீச்சிடுகிறது, அல்லது அதிர்கிறது

கழுவின மறுநாள் டிஸ்கில் ஆரஞ்சுப் பொடி தெரிந்து, முதல் சில பிரேக்கில் சத்தம் வந்தால் அது வார்ப்பிரும்பு டிஸ்கின் மேல்துரு. நாலு பிரேக்கில் போய்விடும். கழுவியவுடன் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிடாமல், ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து டிஸ்கை உலர்த்துங்கள்.

அதிர்வு வந்தால் விஷயம் பெரிசு. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவோ கொல்லிமலையின் 70 வளைவோ இறங்கி வந்து, அடிவாரத்திலேயே வாட்டர் வாஷுக்கு விட்டால், கொதிக்கிற டிஸ்க் மேல் பச்சைத் தண்ணி விழும். டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: டிஸ்க் தானாக ஆற வேண்டும். வீலுக்குப் பக்கத்தில் கை நீட்டினால் அனல் அடிக்கக் கூடாது.

கார்பன் செராமிக் பிரேக் துருப்பிடிக்காது. ஆனால் அமிலம் கலந்த வீல் கிளீனர் அதன் பக்கம் போகவே கூடாது. ஷாம்பு, தண்ணி, மென்மையான பிரஷ் போதும். கழுவின பின் முதல் பிரேக் மந்தமாக இருக்கும், கேட் தாண்டும் முன்பே ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

ஃபிலிம் ஓரம், அல்கான்டாரா

பி.பி.எஃப். ஓரம் தூக்கியிருந்தால் பெரும்பாலும் பிரஷர் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்திருப்பார்கள். ஓரடி தள்ளி, ஓரத்துக்கு நேராக இல்லாமல் சாய்த்து அடிக்க வேண்டும். ஃபிலிமில் விழுந்த மெல்லிய கோடு வெந்நீர் ஊற்றினால் தானாகக் கூடிக்கொள்ளும். மேட் பெயின்ட்டுக்கு மெழுகும் பாலிஷும் இரண்டும் விஷம். ஒரு முறை மினுமினுத்த இடம் மறுபடி மேட் ஆகாது.

ஸ்டியரிங்கில் போர்த்திய அல்கான்டாரா என்ற மெத்தென்ற துணி பளபளப்பாகிவிட்டால் அது தேய்மானம் என்பதைவிடக் கைவியர்வையும் எண்ணெயும் இழையைப் படுக்கவைத்ததுதான். பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்ததும் மென்மையான பிரஷால் நிமிர்த்துங்கள். லெதருக்குப் போடுகிற கிரீம் இதற்கு ஆகாது.

கார்பெட் ஈரம், வண்டி கிளம்பவில்லை

கழுவிய பிறகோ மழைக்குப் பிறகோ கால்வைக்கும் இடம் நனைந்திருந்தால், ஷாம்பு போட்ட பையனைத் திட்டும் முன் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வடிகாலைப் பாருங்கள். புளியமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் நிற்கிற வண்டிகளுக்கு இது கட்டாயம் வரும். புளிய இலை எவ்வளவு பொடிசு! சல்லடைக்குள் நுழைந்து, உள்ளே சேறாகி, ஓட்டையை அடைத்துவிடும். துணிக்கூரை வண்டிகளில் கூரைக்கும் தனி வடிகால் உண்டு. போர்ஷே பாக்ஸ்டரின் பழைய மாடல்களில் அது அடைத்தால் தண்ணி இறங்குவது சீட்டுக்கு அடியில் இருக்கிற கன்ட்ரோல் யூனிட் மேல், செலவு லட்சத்துக்குப் போகும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், குழாய் கழன்றுவிடும். இலையைக் கையால் பொறுக்கி, மெல்லிய நைலான் ஒயரை மெதுவாக விட்டு, ஒரு டம்ளர் தண்ணி ஊற்றி வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள்.

மாதத்துக்கு ஒருக்கா எடுக்கிற வண்டியைத் தோட்டத்துச் சாளையில் நிறுத்துகிறவர்கள் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரி மெயின்டெயினர் மாட்டி வையுங்கள். பெரும்பாலான 911 மாடல்களில் பேட்டரி இருப்பது முன்டிக்கிக்குள். சார்ஜ் இறங்கினால் அந்த டிக்கியின் மின்பூட்டும் திறக்காது. நெம்பித் திறக்கப் பார்த்துப் பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்த வண்டி ஒன்றை நானே சரிசெய்திருக்கிறேன். ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கிற ஒரு முனை இருக்கிறது; அதற்கு வேறொரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பூட்டு விடும். எந்த ஃபியூஸ் பெட்டி, எந்த முனை, எர்த் எங்கே என்பது வண்டியோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கும். அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் அந்தக் கையேட்டையும் முன்டிக்கிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.